முயல் வைத்த வெள்ளைக் கல்

கரட்டுக் காட்டில் தும்பை என்றொரு முயல் இருந்தது. கடலை அறுவடை முடிந்தால் முயல்களுக்கு விடுமுறைதான்; மேயவும் ஒன்றுமில்லை, ஒளியவும் செடியில்லை. இந்த முறை பத்து நாள் ஏரிக்கரைக்குப் போய்ப் பறவை பார்க்கப்போவதாகத் தும்பை காடு முழுக்கச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் ஒன்று உறைத்தது. அதற்குத் தெரிந்த பறவை காக்கையும் மைனாவும் மட்டும்தான்.

யோசித்துப் பார்த்து, அண்டங்காக்கை மாயாண்டியிடம் போய் நின்றது. பறவையைப் பற்றிப் பறவையிடம்தானே கேட்க வேண்டும்? இப்படித் தோன்றியதில் தும்பைக்குக் கொஞ்சம் பெருமைகூட.

மாயாண்டி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டது.

"ஏரிக்குப் போறதுக்கு முன்னாடி இங்கேயே பழகிக்க தங்கச்சி. சருகு சத்தம் போடாம நட. அசையாம உட்காரு. முக்கியமா, கூடு கண்டா பக்கத்துல ஒரு வெள்ளைக் கல்லை வை."

"கல்லு எதுக்குண்ணே?"

"நீ புதுசு. இன்னிக்குப் பார்த்த இடம் நாளைக்கு மறந்துபோகும். இங்க இருக்கறதுங்க தரையிலயே முட்டை போடுதுங்க. மண்ணு நிறம், சருகு நிறம். அடையாளம் இல்லேன்னா எப்படிக் கண்டுபிடிப்ப?"

நியாயமாகத்தான் பட்டது. அந்த முட்டைகளைத் தேடித் தேடி மாயாண்டிக்குக் கண் பூத்துப்போயிருந்தது என்று தும்பைக்கு யார் சொல்வார்கள்?

முயலைக் கண்டு எந்தப் பறவை பயப்படும்? அன்று மாலைக்குள் மூன்று கூடுகள் அகப்பட்டன. கவுதாரிக்கு ஒரு கல், வானம்பாடிக்கு ஒரு கல், சருகோடு சருகாக அடைகாத்துக் கிடந்த பக்கிக் குருவிக்கு ஒரு கல். தும்பைக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் விடிந்ததும் முதல் கல்லைத் தேடி ஓடியது. கல் வைத்த இடத்தில்தான் இருந்தது. பக்கத்தில் உடைந்த ஓடுகள் ஈரம் காயாமல் கிடந்தன. கவுதாரி சற்றுத் தள்ளி நின்று வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"யாரு அக்கா இப்படிப் பண்ணது?"

"மேலேருந்து வந்தான்," என்றது கவுதாரி. "நேரா வந்து இறங்கினான். தேடவே இல்ல."

தும்பை வெள்ளைக் கல்லைப் பார்த்தது. இரண்டாவது கல்லுக்கு ஓடியது. அங்கேயும் வெறும் ஓடுதான்.

மூன்றாவது கல்லை நோக்கி விழுந்தடித்துக்கொண்டு ஓடியது. பக்கி இன்னும் அடையில் இருந்தது. தும்பை கல்லை வாயில் கவ்வி நாலு தாவு தாவுவதற்குள் தரையில் ஒரு நிழல் விழுந்தது.

மாயாண்டி எதிரே வந்து இறங்கியது. அதன் அலகில் மஞ்சள் கரு ஒட்டியிருந்தது.

"வாயில என்ன தங்கச்சி?"

தும்பை கல்லைத் துப்பியது. ஓடிவிடலாம்தான். ஓடினால் காக்கைக்குச் சந்தேகம் வரும், சுற்றிலும் தேடும், பக்கியின் இரண்டு முட்டையும் போய்விடும்.

"நான் புதுசில்லையாண்ணே. உருண்டையா ஒரு கூழாங்கல்லைப் பார்த்து முட்டைன்னு நினைச்சுட்டேன். நீங்க பார்த்தா சிரிப்பீங்கன்னு அடையாளத்தை எடுத்துட்டுப் போறேன்."

"எந்த இடம்? காட்டு."

தும்பை எதிர்ப்பக்கமாகக் காட்டியது. மாயாண்டி அங்கே சருகைப் புரட்டியது. ஒன்றும் இல்லை. திரும்பிப் பக்கி இருந்த பக்கமாகத் தத்தி வந்தது. இரண்டடி. ஓரடி. பக்கி கண்ணைக் கோடாகச் சுருக்கி மூச்சை அடக்கிக் கிடந்தது. தும்பை சட்டென்று குரல் கொடுத்தது.

"அண்ணே, அந்தாண்ட இன்னொரு முட்டையும் பார்த்தேன். கிட்டப் போனா ஆட்டுப் புழுக்கை."

மாயாண்டி நின்றது. முயலை மேலும் கீழும் பார்த்தது.

"கல்லும் முட்டை, புழுக்கையும் முட்டை! உனக்கெல்லாம் எதுக்கு ஏரி? என் நேரத்தைக் கெடுக்காதே," என்று சொல்லிவிட்டுப் பறந்துபோனது.

வேறொரு நாளாக இருந்தால் தும்பைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்திருக்கும். இன்று தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டது. பிறகு கவுதாரியிடம் போனது.

"கல்லை வெச்சது நான்தான்கா," என்று அழுதது.

கவுதாரி முகத்தைத் திருப்பிக்கொண்டு புதருக்குள் போய்விட்டது.

தும்பை ஏரிக்குப் போனது. பத்து நாள் கழித்துத் திரும்பியபோது காடே கூடி நின்றது. மாயாண்டியும் கிளையில் உட்கார்ந்திருந்தது.

"ஏரியில நாமக்கோழி குஞ்சு பொரிச்சிருந்துச்சா?" என்று அணில் கேட்டது.

"பார்த்தேன். ஆறு குஞ்சு. கண்ணை எடுக்க மனசே வரல."

"எந்தக் கரையில?" என்றது மாயாண்டி.

தும்பை அதை நிமிர்ந்து பார்த்தது. "அதைச் சொல்லமாட்டேன்," என்றது.

பிறர் ஒளிந்து வாழும் இடம் நமக்குத் தெரியவந்தால், அதைக் கேட்பவர் யாரென்று பாராமல் காட்டிக்கொடுப்பவர், கெட்ட எண்ணம் இல்லாமலே பெருங்கேடு செய்துவிடுவார்.