அறுபத்தொன்றாம் பக்கம்

காங்கயம் பஸ் நிலையத்துக்கு எதிரே, சைக்கிள் கடைக்கு மேலே இருக்கும் மாடியில் மயிலாத்தாள் பாடம் சொல்லி வந்தார். என்ன பாடம் என்று கேட்டால் அவருடைய சீடர்களுக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. கேள்வியோடு ஏறிப் போவார்கள். பெரும்பாலும் வேறொரு கேள்வியோடு இறங்கி வருவார்கள்.

சீடர்களில் மூத்தவர் சென்னியப்பன். குருவைவிடப் பத்து வயது பெரியவர். அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு ஒற்று விட்டுப்போனால் அவருக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவருடைய பெயரே அண்ணன் மகளின் கல்யாணப் பத்திரிகையில் விட்டுப்போனது. அன்றோடு அண்ணனிடம் பேச்சை நிறுத்திவிட்டார். ஆறு வருடம் ஆகிறது. போன மாதம் வெள்ளகோயிலில் இருக்கும் அண்ணனுக்கு நெஞ்சு வலி வந்தது என்று யாரோ சொன்னார்கள். “அப்படிங்களா” என்று கேட்டுக்கொண்டு தன் வேலையைப் பார்த்தார்.

குரு எழுதிய புத்தகத்துக்குப் பிழை பார்த்தவரும் அவர்தான். பதிப்பாளர் அதைச் செல்போனில் படிக்கும்படியும் விட்டிருந்தார். யார் எந்தப் பக்கத்தில் படிப்பதை நிறுத்தினார்கள் என்பதைச் செல்போனே குறித்து வைத்துக்கொள்ளுமாம். சென்னியப்பன் அந்த விவரத்தைக் கேட்டு வாங்கி, கட்டம் போட்ட தாளில் சிவப்புப் பென்சிலால் படமாக வரைந்தார். ஒரு பக்கத்துக்கு ஒரு பட்டை; அங்கே நிறுத்திய ஒரு வாசகருக்கு ஒரு கட்டம்.

ஒரு சாயங்காலம் தாளைக் குருவின் முன்னால் விரித்தார். பட்டைகள் எல்லாம் குட்டை குட்டையாக இருந்தன. ஒன்று மட்டும் தென்னை மரம் மாதிரி நின்றது.

“இதென்னங்க?” என்றார் மயிலாத்தாள்.

“அறுவத்தொண்ணாம் பக்கமுங்கம்மா. படிக்கறவங்கள்ல பாதிப் பேரு இங்கதான் மூடிடறாங்க.”

“செரி.”

“செரின்னா எப்படிங்க? ரெண்டாம் பதிப்பு நாளைக்கு அச்சுக்குப் போகுது. அந்தப் பக்கத்தை எடுத்துடலாமான்னு பதிப்பாளர் கேக்கறார். நீங்க என்னையக் கேக்கச் சொல்லிட்டீங்களாமா. ஆறு மணிக்குக் கூப்பிடறேன்னுருக்காரு.”

“என்ன சொல்லப் போறீங்க?”

“எடுத்துடுங்கன்னுதான். எனக்கும் மனசு கேக்கலைங்க. ஆனா படம் கண்ணு முன்னால நிக்குதுங்களே.”

மயிலாத்தாள் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“மூடினவங்க திரும்பி வந்தாங்களா?”

“நெறையப் பேரு வந்தாங்க. ஒரு வாரம், பத்து நாள் கழிச்சு, விட்ட எடத்துல இருந்து படிச்சிருக்காங்க.”

“அதுவரைக்கும் எங்க போயிருந்தாங்க?”

“அது செல்போனுக்குத் தெரியாதுங்க.”

“அந்தப் பக்கத்துல என்ன இருக்குதுங்க?”

சென்னியப்பன் யோசிக்கவே இல்லை. “நாலாவது வரியில ஒரு ‘ப்’ விட்டுப்போயிருந்துச்சு. நான்தான் போட்டேனுங்க.”

“அது இல்லாம?”

சென்னியப்பனே மூன்று முறை பிழை பார்த்த பக்கம். என்ன எழுதியிருந்தது என்று கொஞ்சமும் ஞாபகம் வரவில்லை. அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது.

குரு புத்தகத்தை எடுத்து நீட்டினார். “சத்தமாப் படிங்க.”

சென்னியப்பன் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு படித்தார்.

“‘ஒருவரோடு பேச்சு நின்றுவிடுகிறது. முதல் வருடம் அது கோபம். இரண்டாம் வருடம் ரோஷம். அப்புறம் அது வெறும் பழக்கமாகிப் போகிறது.’”

‘ப்’ வந்த இடத்தில் விரல் தானாக நின்றது. மேலே படித்தார்.

“‘இதைப் படிக்கிற உனக்கும் அப்படி ஒருவர் இருப்பார். அவருக்கு இப்போது என்ன வயது?’”

அதற்குக் கீழே இன்னும் வரிகள் இருந்தன. அவர் படிக்கவில்லை.

“எழுவத்தொண்ணு” என்றார், யாரும் கேட்காமலே.

புத்தகத்தை மூடிக் கீழே வைத்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினார். காலடியிலேயே கிடந்த செருப்பு அவர் கண்ணில் படவில்லை.

“வெள்ளகோயிலுக்கு இப்ப பஸ் இருக்குதுங்களா?”

“எதிர்லயே நிக்குது. பதிப்பாளர் கூப்பிட்டா என்ன சொல்லுவீங்க?”

“அந்தப் பக்கம் அங்கயே இருக்கட்டும்னு சொல்லிடறேனுங்க.”

மயிலாத்தாள் தாளையும் சிவப்புப் பென்சிலையும் அவர் பக்கம் நகர்த்தினார்.

“செரி. போறதுக்கு முந்தி, அந்தப் பட்டையில இன்னொரு கட்டம் போட்டுட்டுப் போங்க.”