செவலைக்கு உண்ணி பிடித்தது

மாசிலாமணிக்குக் கை ஓய்ந்துபோனது. மலை மடத்தில் காலைப் பூசை முடிந்ததும் நாய் செவலையை மடியில் கிடத்திக்கொள்வார். காது மடல், கழுத்து, கால் விரலிடுக்கு என்று தேடித்தேடி உண்ணியைப் பிடுங்கிச் சோப்புத் தண்ணீரில் போடுவார். சாயங்காலம் தடவினால் மறுபடியும் ஆமணக்கங்கொட்டை மாதிரி கையில் தட்டுப்படும்.

நாய்க்கு ஈறு வெளுத்துவிட்டது. அடிவாரத்து மாட்டு டாக்டர் பார்த்துவிட்டு, இனிமேலும் ரத்தம் போனால் தாங்காது என்றார். பிடரியில் விடச் சொட்டு மருந்து கொடுத்தார். படுக்கிற இடத்தையும் சுத்தம் பண்ணுங்கள் என்று சொல்லி அனுப்பினார். மாசிலாமணி அது பகலில் படுக்கும் சாக்கை எரித்தார். மடத்தைச் சுற்றிப் புல்லை வெட்டினார். தொழுவத்தைக் கழுவிவிட்டார். உண்ணி மட்டும் ஓயவில்லை.

செவலை, காலமான பெரியவர் வளர்த்த நாய். அவருக்குப் பின் மடத்துக்குக் குருவாக வந்த அம்பலவாணர், மாசிலாமணியைவிட வயதில் சின்னவர். அன்று அவர் முன்னால் போய் மாசிலாமணி தூணோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"சாமி, பிடுங்கப் பிடுங்க வருது. என்னால முடியல. கீழ எங்கயாவது கொண்டுபோய் விட்டுடட்டுமா?"

"ராத்திரி எங்க படுக்குது?"

"பெரியவர் பலகைக்கு அடியில."

"அங்க கூட்டினீங்களா?"

மாசிலாமணி நிமிர்ந்து உட்கார்ந்தார். அங்கே எப்படி விளக்குமாற்றை வைப்பது? பெரியவர் உட்கார்ந்தபடியே கண்ணை மூடிய இடம். அன்று விரித்த காவித்துண்டுகூட அப்படியே கிடக்கிறது. தினமும் பூ வைப்பதோடு சரி, ஒரு ஆளை அண்டவிட்டதில்லை என்று சொல்லும்போது அந்த அலுப்பிலும் அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

அம்பலவாணர் எழுந்துபோய்ப் பலகையைப் புரட்டினார்.

அடிக்கட்டையின் பிளவில் உண்ணிகள் ஒட்டிக்கிடந்தன. சுவர் வெடிப்பில் முட்டை குவிந்திருந்தது. காவித்துண்டை உதறினார். கடுகைவிடப் பொடியாகக் குஞ்சுகள் உதிர்ந்து ஊர்ந்தன.

"பூ வெச்சு நல்லாத்தான் வளர்த்திருக்கீங்க."

அம்பலவாணர் அடுப்பில் கொதித்த வெந்நீர் அண்டாவைத் தாமே தூக்கிவந்தார். துண்டை அதில் முக்கினார். பலகையை வெளியே வெயிலில் சாய்த்து, பிளவு பிளவாக வெந்நீரை ஊற்றினார். மிச்சத்தைச் சுவரில் ஊற்றினார். வெடிப்பை அடைக்கச் சுண்ணாம்பு குழைக்கச் சொன்னார். முட்டையில் தப்பியது பொரிக்கும், அடுத்த வாரமும் ஊற்ற வேண்டியிருக்கும் என்றார்.

மாசிலாமணி சுண்ணாம்பைக் குழைத்தார். குழைக்கக் குழைக்கக் கண் கலங்கியது. பலகை இருந்த இடத்தில் ஈரத்தரைதான் இருந்தது.

"இனி நான் எங்க சாமி கும்பிடுவேன்?"

அம்பலவாணர் அண்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பெரியவர் காலையில எழுந்ததும் உங்ககிட்ட முதல்ல என்ன கேட்பார்?"

மாசிலாமணி யோசிக்கவே இல்லை. "செவலை தின்னுச்சான்னு கேட்பார்."

"இன்னைக்குத் தின்னுச்சா?"