மீட்டருக்கு எதிரே ஒரு முக்காலி

நாகர்கோவில் போகும் சாலையில், காற்றாலைகள் வரிசையாக நின்று சுற்றும் இடத்தில், ஓட்டு வீடு ஒன்றில் சிவகாமி அம்மா தன் சீடர்களோடு இருந்தார். ஊரார் அதை மடம் என்றார்கள். கரண்ட் இணைப்பு மட்டும் வீட்டு இணைப்புதான். அம்மாவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. சீடர்கள் எல்லாருமே அவரைவிட மூத்தவர்கள். அவர்கள் அவரை அம்மா என்பார்கள். அவர் அவர்களை அண்ணாச்சி என்றும் அக்கா என்றும் கூப்பிடுவார். யாருக்கும் இது விசித்திரமாகத் தோன்றியதில்லை.

போன குருபூஜைக்குப் பிறகு கரண்ட் பில் இரண்டு மடங்காக வந்தது.

அதே குருபூஜைக்குத்தான் செண்பகவல்லி அங்கே வந்து சேர்ந்திருந்தாள். தபால் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, ஒரு பெட்டியோடும் முழங்கால் வலியோடும், வாளியில் வெந்நீர் போடுகிற ஹீட்டர் ராடு ஒன்றோடும்.

மூத்த சீடர் ஆவுடையப்பன் பில்லை விரித்து வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டார்.

"அடியேன் ஒரு தூசி. தூசி பேசக் கூடாது. ஆனா கேக்குதேன், இந்த வீட்டுக்குப் புதுசா வந்தது என்ன?"

எல்லாரும் வாளியைப் பார்த்தார்கள்.

அன்றே செண்பகவல்லி ராடைத் துணியில் சுற்றி அலமாரிக்குள் வைத்தாள். பச்சைத் தண்ணீரில் குளித்தாள். முழங்கால் தினமும் முறையிட்டது. அடுத்த பில் வந்தது. அதுவும் இரண்டு மடங்கு.

"அலமாரிக்குள்ளேயே தண்ணி கொதிக்குது போல," என்றார் ஆவுடையப்பன், யாரையும் பார்க்காமல்.

சமையலைக் கவனிக்கும் பூரணம் சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை.

சாயங்காலம் செண்பகவல்லி பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மா முன்னால் போய் நின்றாள்.

"நான் கிளம்புதேன் அம்மா."

"ஏன்க்கா?"

"நான் யாருக்கும் தெரியாம ராடு போடுதேன்னு நினைக்காங்க."

"போட்டீங்களா?"

"இல்லை."

"அப்போ கரண்டைக் குடிச்சது எது?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

அம்மா எழுந்து உள்ளே போனார். பூப்பறிக்க ஏறும் முக்காலியைத் தூக்கி வந்தார். வாசலில் மீட்டர் பெட்டிக்கு எதிரே போட்டார்.

"தெரியாம போகாதீங்க," என்றார். "தெரிஞ்ச பிறகு பெட்டியைத் தூக்கலாம்."

காலையில் செண்பகவல்லி முக்காலியில் உட்கார்ந்தாள். மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. பூரணம் கிரைண்டரைப் போட்டால் அது படபடவென்று அடித்துக்கொள்ளும். நிறுத்தினால் நிதானமாகும்.

எல்லாவற்றையும் ஒருமுறை அணைத்துப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அதைவிடக் கஷ்டமான காரியம் அவளுக்கு வேறில்லை. தபால் ஆபீஸில் இருந்த காலம் முழுக்க, தள்ளி நில்லுங்கள் என்றுகூட ஒருவரிடம் அவள் சொன்னதில்லை. ஆனாலும் போய்ச் சொன்னாள்.

"மாவு பாதிதான் அரைஞ்சிருக்கு," என்றாள் பூரணம். "மீதி அரிசியை வச்சுக்கிட்டு நான் தவமா செய்ய?"

"கொஞ்ச நேரம்தான்க்கா."

கிரைண்டர் நின்றது. ஃபிரிட்ஜ், மோட்டார், மின்விசிறிகள், ஆவுடையப்பனின் செல்போன் சார்ஜர் எல்லாம் நின்றன. செண்பகவல்லி முக்காலிக்குத் திரும்பினாள்.

சிவப்பு விளக்கு மினுங்கியது. ஒரு மூச்சு உள்ளே போய் வெளியே வரும் நேரம். மறுபடியும் மினுங்கியது.

"மீட்டருக்குக் கண் துடிக்குது," என்றார் ஆவுடையப்பன். "நல்ல சகுனம்."

"யாராவது கொக்கி போட்டு இழுக்கானோ?" என்றாள் செண்பகவல்லி.

"பக்கத்துல வீடே இல்லையே," என்றாள் பூரணம். "காத்தாடிதான் நிக்குது. அதுல்லா நமக்குக் கரண்ட் தரணும்."

செண்பகவல்லி சிரிக்கவில்லை. முக்காலி மேல் ஏறினாள். முழங்கால் வேண்டாம் என்றது. மெயினை அணைத்து, முதல் பியூஸ் கட்டையைப் பிடுங்கி, மெயினைப் போட்டாள். மினுங்கியது. அதைச் செருகிவிட்டு இரண்டாவதைப் பிடுங்கினாள். மினுங்கியது. மூன்றாவதைப் பிடுங்கி மெயினைப் போட்டுவிட்டு விளக்கைப் பார்த்தாள்.

ஒரு மூச்சு போய் வந்தது. இன்னொரு மூச்சும் போய் வந்தது. விளக்கு மினுங்கவில்லை.

அதற்குள் தியானக் கூடத்துக்குப் போயிருந்த ஆவுடையப்பன் உள்ளிருந்து அலறினார்.

"குருமாரை இருட்டுல போட்டுட்டாளே!"

கூடத்துச் சுவரில் குருபரம்பரையின் பன்னிரண்டு படங்கள் மாட்டியிருந்தன. ஒவ்வொரு படத்துக்குக் கீழும் ஒரு சின்னச் சிவப்பு பல்பு. குருபூஜைக்காக ஆவுடையப்பன் தன் செலவில் போட்டவை. குருமார் முன்னால் விளக்கு அணையக் கூடாது என்று சுவிட்ச் வைக்காமல் நேரே லைனில் கொடுத்திருந்தார். இரவும் பகலும் அவை எரிந்தன. எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னபோது செண்பகவல்லிக்குக்கூட அவை நினைவுக்கு வரவில்லை. இப்போது பன்னிரண்டும் அணைந்து கிடந்தன.

"இதுலதான் அண்ணாச்சி போகுது," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"எதுல? இது ஜீரோ வாட்ஸ் பல்பு! ஜீரோன்னா என்னன்னு படிச்சவங்களுக்குத் தெரியாதா? கடைக்காரனே சொன்னான், மீட்டர் அசையாதுன்னு." அவர் அம்மா பக்கம் திரும்பினார். "அடியேன் தூசிதான். ஆனா இன்னைக்கு ஒரு முடிவு தெரியணும். இந்த மடத்துல இவங்களா, அடியேனா?"

அம்மா செண்பகவல்லியைப் பார்த்தார்.

செண்பகவல்லி வாசலைப் பார்த்தாள். பெட்டி இன்னும் அங்கேதான் இருந்தது. தூக்கிக்கொண்டு போவது சுலபம். அவள் சுவர்ப்பக்கம் போய், சற்றுமுன் அணைந்த பல்பு ஒன்றை விரலால் தொட்டாள். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"தொட்டுப் பாருங்க அண்ணாச்சி."

"குருமார் விளக்கை அடியேன் தொடவா?"

"தொடுங்க அண்ணாச்சி," என்றார் அம்மா.

தொட்டார். உடனே விரலை உதறி, வாயருகே வைத்து ஊதினார்.

"ஒண்ணுமே இழுக்காதது எப்படிச் சுடும்?" என்றாள் செண்பகவல்லி. இந்த முறை குரல் கூடத்தின் மறுகோடி வரை போனது. "ஒரு பல்பு கொஞ்சம்தான் இழுக்கும். ஆனா பன்னிரண்டு இருக்கு. ஒரு நிமிஷம்கூட அணையறதில்லை. ஜீரோன்னு பேர் இருக்கதால யாரும் அதைத் திரும்பிப் பார்க்கலை. நானும் பார்க்கலை."

பூரணம் மெல்லப் போய், பெட்டியை எடுத்து உள்ளே வைத்தாள்.

பன்னிரண்டு பல்புகளும் கழன்றன. அந்த இடத்துக்கு ஒரே ஒரு விளக்கு வந்தது, சுவிட்சோடு. பிரார்த்தனை நேரத்தில் போடுவார்கள், முடிந்ததும் அணைப்பார்கள். ராடும் அலமாரியை விட்டு வெளியே வந்தது.

அடுத்த பில் வந்தது. தினமும் வெந்நீர் போட்டும் பழைய அளவுக்கே இறங்கியிருந்தது. மாலையில் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது ஆவுடையப்பன் அதை வாசித்தார்.

"எல்லாம் குருவருள்," என்று மடித்து வைத்தார்.

"கண்டுபிடிச்சது யாரு?" என்று அம்மா கேட்டார்.

முழங்காலில் வெந்நீர் ஊற்றும்போதெல்லாம் செண்பகவல்லி இதற்கான பதிலைத் தனக்குள் சொல்லிப் பார்த்து மகிழ்ந்திருந்தாள். ஆனால் எல்லாரும் தன்னைப் பார்க்கவும் தலை குனிந்துவிட்டாள்.

"என்னால என்ன ஆச்சு அம்மா. நான் ஒண்ணுமே இல்லை."

"இப்பத்தான் பக்குவம் வந்திருக்கு," என்று ஆவுடையப்பன் தலையசைத்தார்.

அம்மா அவரைக் கவனிக்கவில்லை. "முக்காலியில உக்காந்தது யாருக்கா?"

"நான்."

"பியூஸைப் பிடுங்கினது?"

"நான்."

"பல்பைத் தொட்டது?"

"நானும் அண்ணாச்சியும்."

கூடம் சிரித்தது. ஆவுடையப்பனும் விரலைப் பார்த்துக்கொண்டு சிரித்தார்.

"கண்டுபிடிச்சது?"

செண்பகவல்லி நிமிர்ந்தாள். எல்லார் முகத்தையும் பார்த்தாள். அப்படிப் பார்ப்பது அவளுக்கு அதுதான் முதல்முறை.

"நான்தான் அம்மா."

சொன்னதும் அவளுக்குக் கூச்சம் வரவில்லை. நெஞ்சு நிறைந்து, நிதானமாக இருந்தது.

ஆவுடையப்பன் தொண்டையைச் செருமினார். "அடியேன் ஒரு தூசி. தெரியாமத்தான் கேக்குதேன். இந்த 'நான்' போகணும்னுதானே அம்மா நாம இங்கே உக்காந்திருக்கோம்?"

"அக்காவோட நானுக்கு சுவிட்ச் இருக்கு அண்ணாச்சி," என்றார் அம்மா. "கேட்டேன், எரிஞ்சுது. எழுந்து வேலைக்குப் போனா அணைஞ்சிரும். உங்க தூசிக்கு சுவிட்சை எங்கே வச்சிருக்கீங்க?"