ஒரு சாண் குதி வைத்த சப்பாத்து

உத்தண்டராயன் என்று ஒரு ராஜா இருந்தான். பெயரைக் கேட்டால் பனைமர உயரம் என்று தோன்றும். ஆள் என்னவோ நெல் குதிருக்குப் பக்கத்தில் நின்றால், குதிர்தான் ராஜா என்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள். குள்ளமாக இருப்பது குற்றமா? இல்லவே இல்லை. அதற்காக ஊரையே குனியவைத்தானே, அதுதான் குற்றம். ராஜா நிற்கும்போது எவன் தலையும் அவன் தலைக்கு மேலே தெரியக்கூடாது என்று ஒரு சட்டம். தெரிந்தால் சிறை. போன வருஷம் குளத்துப் படியில் வழுக்கி விழுந்த ராஜாவை ஓடிப்போய்த் தூக்கிவிட்ட காவல்காரன் இன்னும் உள்ளேதான் கிடக்கிறான். தூக்கும்போது அவன் தலை மேலே இருந்ததாம்.

இந்தக் கூத்தில் அதிகம் நொந்தவன் கொழுந்து. ராஜாவுக்கு யோசனை சொல்லும் உத்தியோகம், ஆள் நெட்டை. நாள் முழுக்க முழங்காலை மடக்கி, முதுகை வளைத்து நின்று, ராத்திரியில் எண்ணெய் தேய்த்துக்கொள்வான். அமைச்சர் நல்லபெருமாளுக்கு அந்தக் கஷ்டமே கிடையாது. ராஜாவைக் கண்டதும் தொபுக்கென்று காலில் விழுவார். பேச வேண்டியதையெல்லாம் தரையிலிருந்தே பேசி முடித்துவிடுவார்.

ஒரு நாள் கப்பல் வியாபாரி ஒருவன் ராஜாவுக்கு ஒரு ஜோடி சப்பாத்து காணிக்கை வைத்தான். சிவப்புத் தோல், ஜரிகை வேலை, அடியில் குச்சி மாதிரி ஒரு சாண் உயரக் குதி. போட்டு எழுந்தவனுக்கு உலகமே புதிதாகத் தெரிந்தது. அப்புறம் தூங்கும்போது மட்டும்தான் கழற்றினான், அதுவும் அரைமனதாக.

அந்த நேரம் பார்த்து வடக்கே பனிமலை ராஜா தன் மகன் கல்யாணத்துக்கு அழைப்பு அனுப்பினான். பரிவாரம் கிளம்பியது. மலையடிவாரத்தில் கொழுந்து கோவேறு கழுதைக்காரர்களைப் பார்த்தான். தட்டையாக, முறம் மாதிரி அகலமான கம்பளிச் சப்பாத்து போட்டிருந்தார்கள். விசாரித்துத் தெரிந்துகொண்டு, தனக்கும் ஒரு ஜோடி வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தான்.

"அரசே, மேலே பனி கொட்டிக் கிடக்கிறதாம். மேல்பாகம் மட்டும் பால் ஏடு மாதிரி இறுகியிருக்குமாம். இந்தக் குதி அதில் தாங்காது. தட்டைச் சப்பாத்து போட்டுக்கொள்ளுங்கள்."

நல்லபெருமாள் தரையிலிருந்து தலையைத் தூக்கினார். "மகாராஜா, சம்பந்திக் கூட்டத்துக்கு முன்னால் தங்களைக் குட்டையாகக் காட்டப் பார்க்கிறான். இந்தச் சப்பாத்து பனியில் வழுக்குமா? ஆணி அடித்த மாதிரி நிற்கும்."

ராஜாவுக்கு மூக்கு சிவந்தது. "கொழுந்து, பந்தயம். இதைப் போட்டுக்கொண்டு பனிமலை ராஜா வாசல்வரை நான் விழாமல் நடந்து போனால், நீ வெறுங்காலோடு ஊர் திரும்ப வேண்டும்."

"போகாவிட்டால், அரசே?"

"கேட்டதைத் தருகிறேன். நான் போவேன்."

பனியில் வெறுங்காலோடு நடந்து விரல்களைப் பறிகொடுத்த ஒரு கழுதைக்காரனைக் கொழுந்து அன்று காலையில்தான் பார்த்திருந்தான். தன் பத்து விரல்களையும் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டான்.

கல்யாண வீட்டு வாசலுக்கு விருந்தாளி நடந்துதான் வரவேண்டும், வீட்டார் வாசல் தாண்டிப் போய் அழைக்கக்கூடாது என்பது அந்த மலையின் வழக்கம். கொஞ்ச தூரத்திலேயே பல்லக்கை இறக்கினார்கள். அரண்மனை வாசலில் மேளம், கூட்டம், மாலையோடு பனிமலை ராஜா. உத்தண்டராயன் மீசையை முறுக்கிக்கொண்டு இறங்கினான். ஓர் அடி வைத்தான். சரக். மறு அடி வைத்தான். சரக். அவ்வளவுதான், ராஜா இடுப்புவரை பனிக்குள் போய்விட்டான். விழவில்லை, நிமிர்ந்துதான் நின்றான். நல்லபெருமாள் சொன்னபடியே, ஆணி அடித்த மாதிரி.

பாதி ராஜாதான் வெளியே தெரிந்தான். அப்படியானால் மற்றவர்கள் தலை? பரிவாரம் மொத்தமும் குலைநடுங்கிப் பனியில் குப்புறப் படுத்தது. கொழுந்தும் படுத்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு அவன் முதுகு நேராகியிருந்தது.

"தூக்குங்கள் என்னை," என்றான் ராஜா. பல் தந்தியடித்தது.

ஒருவரும் அசையவில்லை.

"நல்லபெருமாள், எழுந்து வா."

"தலை மேலே போய்விடுமே, மகாராஜா. சட்டம்." அமைச்சர் வாயில் பாதி பனி.

வாசலில் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ராஜாவுக்குக் கால் மரத்துக்கொண்டு வந்தது. அழுகை வராத குறை.

"கொழுந்து, பந்தயத்தில் நான்தான் ஜெயித்தேன். விழவில்லை, பார். வந்து தூக்கு."

"விழவில்லை, அரசே. ஆனால் வாசலுக்கு நடந்து வருவதாகத்தானே பேச்சு? நடங்கள். படுத்துக்கொண்டு பார்க்கிறேன்."

"நடக்க முடியவில்லையடா."

"தூக்கலாம் என்றால் காவல்காரன் ஞாபகம் வருகிறது. அவனை விடச் சொல்லி, சட்டத்தையும் விடுங்கள். கொஞ்சம் உரக்கச் சொன்னால் வாசலில் இருப்பவர்களுக்கும் கேட்கும்."

ராஜா மலை எதிரொலிக்கக் கத்தினான். "காவல்காரனை விட்டேன். சட்டத்தையும் விட்டேன். எவன் தலை எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும்."

கொழுந்து எழுந்தான். மடங்காத முழங்கால், வளையாத முதுகு. ராஜாவின் அக்குளில் கையைக் கொடுத்து இழுத்தான். ராஜா வந்தான், சப்பாத்து வரவில்லை. வெறுங்காலோடு வந்தவனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, கம்பளிச் சப்பாத்துக் காலால் பனிமேல் நிதானமாக நடந்தான். அந்தக் கூட்டத்திலேயே உயரத்தில் இருந்தது அப்போது உத்தண்டராயன்தான். அதற்கு ஒரு சாண் குதி தேவைப்படவில்லை.

உள்ளே கணப்பில் காலைக் காட்டி, சூடாகப் பால் குடித்ததும் ராஜாவுக்கு வெட்கம் போய்ச் சிரிப்பு வந்தது. "தோற்றேன் ஐயா. என்ன வேண்டும், கேள்."

"புதைந்த சப்பாத்தைத் தோண்டி எடுத்து அமைச்சருக்குக் கொடுங்கள், அரசே. அதன் அருமை தெரிந்தவர் அவர்தான். ஊர்வரை அதையே போட்டுக்கொண்டு நடக்கட்டும்."

ராஜா சாளரம் வழியாக எட்டிப் பார்த்தான். சட்டம் போய் எவ்வளவோ நேரமாகியும் நல்லபெருமாள் இன்னும் பனியில் குப்புறத்தான் கிடந்தார்.

"ஐயோ பாவம், அதைப் போட்டால் விழுந்துவிடமாட்டாரா?"

"பயப்படாதீர்கள், அரசே," என்றான் கொழுந்து. "விழுவதற்கு முதலில் எழுந்து நிற்க வேண்டுமே."