வேதக்கண்ணு துடுப்பு பிடிச்ச அசனம்

ஒரு ஊர்ல ஒரு துடுப்பு இருந்துச்சு. ராசா எங்கன்னு கேக்காத, இந்தக் கதையில ராசா கெடையாது. படகுத் துடுப்பும் இல்ல. சோறு கிண்டுற துடுப்பு. உன்னை விட ரெண்டு மடங்கு ஒசரம், புளியங்கட்டையில செஞ்சது. காலை ஆட்டாமப் படு. அப்பப்ப ம் போடு, இல்லன்னா நான் சுவத்துக்குக் கதை சொன்ன மாதிரி ஆயிரும்.

அந்த ஊரு பேரு நெடுவிளை. தேரிமணலு, பனைமரம், நடுவுல ஒரு வேதக்கோயிலு. வருசத்துக்கு ஒரு நாள் அந்தக் கோயில்ல அசனம் நடக்கும். கோயில் முன்னால குழி வெட்டி, ஆளு உள்ள உக்காந்து குளிக்கலாம் அம்புட்டுப் பெரிய அண்டாவை ஏத்தி, சோறும் கத்திரிக்காக் குழம்பும் ஆக்கி, எட்டூரு சனத்தையும் மணல்ல உக்கார வச்சு எலை போடுவாக. எல்லாருக்கும் ஒரே பந்தி. அதுக்கு ஒரு கட்டளை உண்டு. கோயில் ஐயரு, அதான் பாதிரியாரு, சாப்பாட்டு மேல கையை நீட்டி ஜெபம் பண்ணி ஆமென் சொல்ற வரைக்கும் ஒரு பருக்கை ஒருத்தர் நாக்குல படக் கூடாது. ஆக்குறவன் உப்புக்கூடப் பாக்கக் கூடாது. முதல்ல ஆண்டவருக்கு, அப்புறந்தான் நமக்கு.

அப்போ உப்பு சரியா இருக்கான்னு எப்படித் தெரியும்னு கேக்க. கேளு, கேளு, நீயாவது கேக்க. அதுக்குத்தான் துடுப்பைப் பிடிக்க ஒரு ஆளு.

அந்த ஆளு பரமானந்தம். முப்பது வருசம் அவருதான் துடுப்பு பிடிச்சாரு. பனையில ஏறினா அவரு கை நடுங்காது. நல்லபாம்பை அடிச்சா நடுங்காது. அசனத்தன்னைக்கு மட்டும் நடுங்கும். அடுப்பைப் பத்த வைக்க முன்னால மணல்ல முழங்கால் போடுவாரு. அண்டா மூடியைத் தொறக்க முன்னால தலைப்பாவை அவுத்து, கண்ணை மூடி, பேசாம நிப்பாரு. குழம்புல உப்புப் போட முன்னால அங்ஙன நிக்கிற ஒவ்வொரு பொம்பளைகிட்டயும் போயி, தாயி நீ போட்டியா, நீ போட்டியான்னு கேப்பாரு. ம் போடுட்டி.

ம். அவருக்கு ஒரு மகன், வேதக்கண்ணு. வேதக்கண்ணுக்கு எல்லாம் தெரியும். மழை என்னைக்கு வரும்னு தெரியும். வரலைன்னா ஏன் வரலைன்னும் தெரியும். அவன் பொண்டாட்டி பேரு லேயாள். கல்யாணமாகி பத்து வருசத்துல அவ ஒரு பேச்சை முழுசாப் பேசி முடிச்சது கெடையாது. மூணாவது வார்த்தையிலயே "எனக்குத் தெரியும்"பான். அவளும் சரின்னு வெங்காயத்தை உரிக்கப் போயிருவா. அப்பாவுக்கு ஏன் கை நடுங்குதுன்னு யாராவது கேட்டா அதுவும் அவனுக்குத் தெரியும். வயசாயிப் போச்சு, பயம் அப்படீம்பான். தனக்குப் பயம்னா என்னன்னே தெரியாதுன்னு வேற சொல்லிக்குவான். அவனுக்குத் தெரியாதது அது ஒண்ணுதான்.

அப்புறம் ஒரு வருசம் பரமானந்தம் ஆண்டவர்கிட்டப் போயிட்டாரு. துடுப்பு யாருக்குன்னு சபை கூடுச்சு. சபைக்குப் பெரியவரு செல்லையா மூப்பரு ரொம்ப நேரம் தாடையைச் சொறிஞ்சுட்டு, செத்துப்போன மனுசனுக்காக மகனுக்கு ஒரு வருசம் குடுப்போம், அசனம் கெட்டுதுன்னா துடுப்பைக் கோயில் வாசல்ல வச்சிட்டுப் போயிரணும், அப்புறம் அந்த வீட்டுக்குக் கெடையாதுன்னு சொல்லிட்டாரு. வேதக்கண்ணு அதைத் தோள்ல வச்சு வீட்டுக்குக் கொண்டு வந்தான். அவனுக்கு உசுரே அதுலதான் இருந்துச்சு. படுக்கும்போது பொண்டாட்டி ஒரு பக்கம், துடுப்பு ஒரு பக்கம். லேயாள், துடுப்பு குறட்டை விடாது, அந்த மட்டுக்கும் நல்லதுன்னு நெனச்சிருப்பா.

அசன நாளு வந்துச்சு. விடிஞ்சும் விடியாம வேதக்கண்ணு அடுப்புக்கிட்ட வந்தான். முழங்கால் போடலையான்னு மூப்பரு கேட்டாரு. நெருப்பு என்ன முழங்காலைப் பாத்துத்தான் பிடிக்குமான்னு இவன் கேட்டுட்டு, நின்ன வாக்குலயே பந்தத்தைச் சொருகினான். புஸ்ஸுன்னு பிடிச்சுது. அவங்க அப்பா குனிஞ்சா மொகம் மணல்ல படும். அப்போ காத்து எந்தப் பக்கம் வருதுன்னு அவரு காது மடல்ல தெரியும். அடுப்பு வாயை அதுக்குத் தக்கன தெறந்து வைப்பாரு. இவன் குனியல. குபுகுபுகுபுன்னு மேக்காத்து அம்புட்டுப் புகையையும் அண்டா மேல அடிச்சு, அங்ஙன இருந்து கோயிலுக்குள்ள கொண்டு போச்சு. பாட்டுக்காரங்க ரெண்டு பாட்டை இருமலோடயே பாடி முடிச்சாங்க. தாளம் தப்பலையாம்.

ம் எங்க? ஆங்.

அப்புறம் சோறு. தள தள தளன்னு கொதிக்குது. வேதக்கண்ணு தலைப்பாவைக் கட்டினது கட்டினபடி நின்னுக்கிட்டு, அரிசியோட குணத்தைப் பத்திப் பேச ஆரம்பிச்சான். அவங்க அப்பா பேசாம நிப்பாருல்ல, அப்போ அவருக்கு அண்டாவோட சத்தம் கேக்கும். தள தளன்னு வர்ற சத்தம் பொத்து பொத்துன்னு மாறும்போது எறக்கணும். இவன் பேச்சுல அது எங்க கேக்க? இவன் பேசி முடிச்சு மூடியைத் தொறந்தா, துடுப்பை நட்டுவச்சா நட்டபடி நிக்குது. சோறு அம்புட்டும் களி. கூட நின்ன ஆளுங்க எல்லாம் வானத்தைப் பாத்தாங்க. வேதக்கண்ணு மூடியை மெள்ள மூடிட்டு, இதுதான் பதம்னு சொன்னான்.

அப்புறம் குழம்பு. சோத்துல விட்டதை உப்புல பிடிச்சிரலாம், குழம்பு நல்லாருந்தா சோத்தை யாரு பாக்கான்னு நெனச்சுக்கிட்டு, ரெண்டு படி உப்பை அள்ளி சர்ருனு கொட்டி ஒரு கிண்டு கிண்டினான். லேயாள் அங்ஙனதான் கத்திரிக்காக் காம்பைப் பெறக்கிக்கிட்டு நின்னா.

"விடிஞ்சதும் நாங்க உப்புப் போட்டாச்சே," அப்படீன்னா.

"ஏன் சொல்லல?"

"நீரு கேக்கலையே."

அப்போ டாங், டாங், டாங்னு கோயில் மணி அடிச்சுது. எட்டூரு சனமும் குடையும் குட்டியுமா வந்துட்டு இருக்கு. பொம்பளைங்க எலை போடப் போயிட்டாங்க. அடுப்பை மறைச்சுக் கட்டின ஓலைத் தட்டிக்கு இந்தப் பக்கம் வேதக்கண்ணும் அண்டாவும்தான். உப்பு எம்புட்டுக் கூடியிருக்குன்னு தெரிஞ்சா ஏதாவது பண்ணலாம். தெரியணும்னா நக்கிப் பாக்கணும். அவன் சுத்திப் பாத்தான். ஒரு ஈ காக்கா இல்ல. வெரலைக் குழம்புல முக்கினான். எடுத்தான். வாய்க்கிட்டக் கொண்டு போனான்.

முழிச்சிருக்கியா? ம். இப்பந்தான் கதையே.

வாய்க்கிட்டப் போன வெரல் நின்னுபோச்சு. யாரும் பாக்கலைன்னு அவன்தான் நல்லாப் பாத்தானே. ஆனா யாரோ இருக்காக. தட்டிக்கு அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம், அவன் பக்கத்துலயே. அதட்டல. ஒண்ணும் சொல்லல. இது யாருக்கு ஆக்கின சோறு, இதுல யாரு முதல்ல கை வைக்கான்னு அவனுக்கே உள்ளுக்குள்ள உறைச்சுது. அவன் பிறந்ததுல இருந்து நடுங்காத கை, வெரல் நுனியில இருந்து முழங்கை வரைக்கும் நடுங்குச்சு. குழம்பு சொட்டுச் சொட்டா மணல்ல விழுந்துச்சு. அப்போ அவனுக்கு அவங்க அப்பா ஞாபகம் வந்துச்சு. அவரு நடுங்கினது வயசுல இல்ல போலருக்கேன்னு நெனச்சான். முப்பது வருசமும் அவரு இப்படித்தான் நின்னிருக்காருன்னு நெனச்சதும் அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு.

வெரலை மணல்ல தொடைச்சான். தலைப்பாவை அவுத்தான். முழங்கால் போட்டான். பெரிய ஜெபம் எல்லாம் அவனுக்கு வரல. "எனக்கு ஒண்ணும் தெரியல ஆண்டவரே," அம்புட்டுத்தான். அதைச் சொல்லி முடிச்சுட்டுக் கண்ணைத் தொறந்தா, எலைக்கட்டு எடுக்க வந்த லேயாள் முன்னால நிக்கா. அவ புருசன் வாயில இருந்து அப்படி ஒரு பேச்சு வந்ததைக் கேட்டதும் எலைக்கட்டைக் கீழ போட்டுட்டா.

"லேயா," அப்படீன்னான், "என்ன செய்யலாம், நீ சொல்லு."

அவ முதல்ல அவன் நெத்தியைத் தொட்டுப் பாத்தா. காய்ச்சல் இல்ல. அப்புறம் சொன்னா. சோத்துல உப்பே போடல, குழைஞ்சும் போச்சு. குழம்புல உப்பு ரெண்டு மடங்கு. ரெண்டையும் ஒரே அண்டாவுல கொட்டிக் கிண்டினா கூட்டாஞ்சோறு மாதிரி ஆயிரும், ஒண்ணை ஒண்ணு சரிக்கட்டலாம், தேறுமா தேறாதான்னு ருசி பாக்காம தனக்கும் தெரியாதுன்னா. அந்தப் பேச்சு முழுசும் அவ ஒரே மூச்சுல பேசி முடிச்சா. பத்து வருசத்துல முதல் தடவை. வேதக்கண்ணு ம் போட்டுக் கேட்டான், உன்னை விட நல்லாவே போட்டான்.

அப்புறம் கொட்டினாங்க. துடுப்பை அவ ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம் பிடிச்சு, கடபுட கடபுடன்னு கிண்டினாங்க. எலையில போட்டாங்க. ஐயரு கையை நீட்டி ஜெபத்தை ஆரம்பிச்சாரு. அவரு ஜெபம் நீளம்னு ஊரே கொறை சொல்லும். அன்னைக்கு வேதக்கண்ணுக்கு மட்டும் ஆமென் ரொம்பச் சீக்கிரம் வந்த மாதிரி இருந்துச்சு. ஐயரு ஒரு வாய் வச்சாரு. மென்னாரு. எட்டூரும் அவரு தாடையையே பாக்குது. ரெண்டாவது வாய் வச்சாரு. இன்னும் ரெண்டு அகப்பை வைங்கன்னாரு.

ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். புகை வாசம் அடிச்சுது. உப்பும் ஒரு தூக்கல்தான். அன்னைக்கு ஊர்க்கிணத்துல ரெண்டு முழம் தண்ணி எறங்கிப் போச்சாம். ஆனா ஒரு எலையில ஒரு பருக்கை மிஞ்சல.

எல்லாரும் கை கழுவப் போனாங்க. வேதக்கண்ணு துடுப்பைக் கழுவி, தொடைச்சு, யாரும் சொல்லாமலே கொண்டு போயி கோயில் வாசல்ல வச்சான். மூப்பரு அங்ஙன நின்னாரு. இவன் ஒண்ணும் மறைக்கல. புகை, களி, ரெண்டு தடவை உப்பு, வெரலை வாய்க்கிட்டக் கொண்டு போனது, பொண்டாட்டி யோசனை, எல்லாத்தையும் சொன்னான்.

"நான் கெடுத்துட்டேன் மூப்பரே. இனிமே எனக்கு இது ஆகாது. அடுத்த அசனத்தை நெனச்சாலே, பாரும், கை நடுங்குது."

மூப்பரு குனிஞ்சு அவன் கையைப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. நெசமாவே நடுங்குச்சு. அப்புறம் துடுப்பை எடுத்து, அந்த நடுங்குற கையிலயே திருப்பிக் குடுத்தாரு.

"இம்புட்டு நாளும் இது ஒண்ணுதான்டே ஒனக்குக் கொறைச்சலா இருந்துச்சு. வீட்டுக்குக் கொண்டு போ."

வேதக்கண்ணு கொண்டு போனான். அன்னைக்குத் துடுப்பைச் சுவத்துல சாத்தி வச்சிட்டான். லேயாள் கொஞ்ச நேரம் என்னமோ பேசிக்கிட்டு இருந்தா, இவன் கேட்டுக்கிட்டு இருந்தான்.

ம் போடுட்டி. ம் இல்லையா? சரி. சோறும் வெந்துது, கதையும் எறக்கியாச்சு, அடுப்பும் அணைஞ்சுது. ஆண்டவரு பக்கத்துல இருக்காரு, நீ தூங்கு.