பண்டிதரின் தாத்தா மலையிலிருந்து இறங்கிய கதை

முன்னொரு காலத்தில், அரசர் தும்மினால் ஊரே 'ஆயுசு நூறு' என்று சொல்லிவிட்டு, அது அவர் காதில் விழுந்ததா என்று எட்டிப் பார்த்துக்கொண்ட காலத்தில், விசயகம்பீரர் என்றொரு அரசர் இருந்தார். நல்ல மனுஷர். கெட்ட குணம் ஒன்றே ஒன்றுதான். கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் சொன்னது அவருக்கு நியாயமாகப் பட்டுவிடும். அதனால் அந்தச் சபையில் முதலில் பேச ஆளே கிடைக்காது. எல்லோரும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கடைசி ஆளாகப் பேசக் காத்திருப்பார்கள்.

அந்த அரசருக்கு ஒரு விகடகவி. பெயர் செவந்திலிங்கம். காலையில் சபை கூடியதும் அவன் ஒரு விகடம் சொல்ல வேண்டும். அரசர் சிரித்துவிட்டால், அந்தச் சிரிப்புக்கு விலை சொல்வது விகடகவியின் உரிமை. அது அந்த அரண்மனையின் பழைய வழக்கம். செவந்திலிங்கம் பேராசைக்காரன் இல்லை. ஒரு வராகன் கேட்பான், வாங்கி மடியில் முடிந்துகொள்வான்.

சபையையே உருட்டிப் புரட்டிச் சிரிக்க வைக்கிறவன், தன் வீட்டு வாசலைத் தாண்டினால் வாயைப் பூட்டிக்கொள்வான். அவன் மனைவி ஆவுடைக்கு இரைப்பு நோய். சிரித்தால் இருமல் வரும், இருமல் வந்தால் இழுப்பு வரும், இழுப்பு வந்தால் அவள் முகம் நீலம் பாரித்துவிடும். ஊருக்கெல்லாம் சிரிப்பை அள்ளிக் கொடுத்துவிட்டுச் சொந்தப் பெண்டாட்டியிடம் வெயிலைப் பற்றியும் புளி விலையைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்பது அவனுக்குப் பெரிய துக்கம்.

இரைப்புக்கு மருந்து இல்லாமல் இல்லை. மூச்சமுது என்று ஒரு லேகியம் உண்டு. அரண்மனை வைத்தியர் ஏகாம்பர பண்டிதரின் மருந்துக் கொட்டிலில் மட்டும்தான் கிடைக்கும். ஒரு சிமிழ் பத்து வராகன். பத்து வராகனுக்கு அந்த நாளில் கன்றோடு ஒரு கறவை மாடு வாங்கலாம். அரண்மனை ஊழியன் என்பதால் செவந்திலிங்கத்துக்கு மாதம் ஒரு சிமிழ் சும்மா கிடைத்தது. ஆவுடை அதிலும் பாதியை வழித்துப் பக்கத்து வீட்டுத் தறிக்காரருக்குக் கொடுத்துவிடுவாள். அவருக்கும் இரைப்பு, ஆனால் அவர் அரண்மனை ஊழியர் இல்லை.

ஒரு நாள் அரசர் பல்லக்கில் போகையில், மருந்துக் கொட்டில் வாசலில் ஒருவன் பசுமாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தார்.

"ஏனப்பா, மாட்டுக்கு என்ன நோய்?"

"மாடு நல்லாத்தான் இருக்கு மகாராஜா. எங்கம்மாவுக்குத்தான் இரைப்பு. இது உள்ள போகும், சிமிழ் வெளிய வரும்."

அரசருக்கு மனசு கலங்கிவிட்டது. அங்கேயே, பல்லக்கை இறக்காமலே, "இன்று முதல் மூச்சமுது பாதி விலை!" என்று ஆணை போட்டார். மறுநாள் கொட்டிலில் விலை பாதியாக இருந்தது. சிமிழும் பாதியாக இருந்தது. "பழைய சிமிழ் அளவிலேயே கொடுக்க வேண்டும்" என்று இன்னொரு ஆணை போனது. சிமிழ் பழைய அளவுக்கு வளர்ந்தது. ஆனால் அடிப்பக்கம் மட்டும் அம்மிக்கல் மாதிரி கனத்துப் போயிருந்தது. விரலை விட்டால் நகம் நனையும் ஆழத்துக்குத்தான் லேகியம். கணக்குப் பார்த்தால் முழுச் சிமிழ் லேகியத்துக்கு விலை பத்து வராகனிலிருந்து இறங்கவே இல்லை.

அரசர் கொதித்துப் போய்ப் பண்டிதரைச் சபைக்கு இழுத்துவரச் சொன்னார். பண்டிதர் இழுபடாமல், பன்னீர் மணக்க நடந்தே வந்தார்.

"பண்டிதரே, ஆற்றுக்கு அக்கரையில், அடுத்த தேசத்தில், இதே லேகியத்தை நீர் ஒரு வராகனுக்கு விற்கிறீராமே. இங்கே மட்டும் ஏன் பத்து?"

"அரசே, அக்கரை மக்கள் ஏழைகள். அவர்களுடைய அரசர் அப்படி. தங்கள் ஆட்சியிலோ மக்கள் செல்வச் செழிப்பில் மிதக்கிறார்கள். பத்து வராகன் என்பது தங்கள் ஆட்சிக்கு அடியேன் சூட்டும் மகுடம்."

அரசரின் மீசை ஒரு பக்கம் மெல்ல உயர்ந்தது. பண்டிதர் அதைப் பார்த்துக்கொண்டார். குரலை இறக்கினார்.

"அதுமட்டுமா? இந்த மூலிகையைத் தேடி என் பாட்டனார் மலை மலையாக அலைந்தார். ஆயிரம் வேர்களைப் பிடுங்கி அரைத்துப் பார்த்தார். ஆயிரமும் வீண். அடுத்த வேர்தான் மூச்சமுது. மக்கள் கொடுக்கும் பத்து வராகன் ஒரு வேரின் விலை அல்ல, அரசே. வீணாய்ப்போன அந்த ஆயிரம் வேர்களின் விலை. அதைக் கொடுக்காவிட்டால், நாளைக்குப் புதிய நோய் வந்தால், புதிய வேரைத் தேடி எவன் மலை ஏறுவான்?"

சொல்லிவிட்டு மேல்துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டார். அரசரும் ஒற்றிக்கொண்டார். கடைசியாகப் பேசியது பண்டிதர் அல்லவா, நியாயம் அவர் பக்கம் போய்விட்டது. அந்த நேரம் பார்த்துத் தூண் ஓரத்திலிருந்து 'களுக்' என்று ஒரு சத்தம். செவந்திலிங்கம் அடக்கப் பார்த்தான், முடியவில்லை.

பண்டிதருக்கு அவன்மேல் வெகுநாளாகவே பொருமல். தன் மருந்தைவிட அவன் பேச்சுதான் அரசருக்கு நன்றாக வேலை செய்கிறது என்ற பொருமல்.

"விகடகவிக்குச் சிரிப்பு வருகிறது, அரசே. அப்படியானால் அவரே விலையைக் குறைத்துக் காட்டட்டும். ஆணை கூடாது, தண்டனை கூடாது. அடியேன் என் வாயால் 'இதுவே நியாயம்' என்று சொல்லிக் குறைக்கும்படி செய்யட்டும். முடியாவிட்டால் அவருக்கு அரண்மனை கொடுக்கும் மாதச் சிமிழை நிறுத்திவிடலாம்."

அரசருக்கு இந்த மாதிரிப் பந்தயம் என்றால் அல்வா சாப்பிடுகிற மாதிரி. "நாளைச் சபை கலைவதற்குள்!" என்று சிம்மாசனத்தைத் தட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்து செவந்திலிங்கம் விஷயத்தைச் சொன்னதும் ஆவுடை கையிலிருந்த அகப்பையை அப்படியே நிறுத்திவிட்டாள்.

"ஏன், அந்த வாயை வச்சுக்கிட்டு உங்களால சும்மா இருக்க முடியாதா? பந்தயம் கட்ட உங்ககிட்ட வேற எதுவுமே இல்லையா? என் மூச்சுதான் கெடச்சுதா?"

"நான் எங்கடி கட்டினேன்? அவங்களா கட்டிக்கிட்டாங்க."

"சிரிச்சீங்கல்ல?"

"சிரிச்சேன்."

"அப்புறம் என்ன?" என்று அவள் திரும்பிக்கொண்டாள். பேசியதிலேயே அவளுக்கு மூச்சு வாங்கியது. நாளைக்கு ஒரு வார்த்தை தவறினால் இவளும் போச்சு, அந்தத் தறிக்காரரும் போச்சு. செவந்திலிங்கம் விசிறியை எடுத்து அவளுக்கு வீசிக்கொண்டே பண்டிதர் பேசியதை எல்லாம் ஒப்பித்தான்.

ஆவுடை மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "அவங்க தாத்தா மலை ஏறினதுக்கு என் மாமியாரும் காசு கொடுத்தாங்க. ஊரெல்லாம் கொடுத்துச்சு. இப்ப நாமளும் கொடுக்கணுமாக்கும். அந்த மனுஷன் இன்னுமா மலைய விட்டு இறங்கல?"

விசிறி நின்றுவிட்டது. செவந்திலிங்கம் அவளை வெறித்துப் பார்த்தான்.

"என்ன, வீசுங்க" என்றாள் அவள்.

மறுநாள் சபை நிரம்பி வழிந்தது. விகடகவி மண்ணைக் கவ்வுவதைப் பார்க்க வராதவர் யார்? பண்டிதர் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். "முதலில் வழக்கமான விகடம் ஆகட்டும்" என்றார் அரசர்.

செவந்திலிங்கம் கும்பிட்டுவிட்டு ஆரம்பித்தான்.

"மகாராஜா, நேற்றிரவு நம் அரண்மனைக்குள் ஒரு திருடன் புகுந்துவிட்டான். சேனாதிபதியின் அறைப் பக்கம் போனானாம். உள்ளே புலி உறுமுகிற சத்தம். உண்மையில் அது சேனாதிபதியின் குறட்டை. பாவம், திருடனுக்கு அது எப்படித் தெரியும்? தலைதெறிக்க ஓடினான். கோட்டை வாசலைத் தாண்டித் திரும்பிப் பார்த்தால், பக்கத்திலேயே காவல்காரர்கள் அத்தனை பேரும் ஓடிவருகிறார்கள். 'ஐயோ, உங்களுக்கும் புலி பயமா?' என்று கேட்டானாம். அவர்கள் சொன்னார்களாம்: 'நாங்க தினமும் இந்த நேரத்துக்கு ஓடுறவங்கப்பா. நீ ஊருக்குப் புதுசா?'"

அரசர் தொடையைத் தட்டிச் சிரித்தார். சபையே குலுங்கியது. பண்டிதருக்குச் சேனாதிபதியை எப்போதும் ஆகாது, அதனால் அவர் சிரித்த சிரிப்பில் கடைவாய்ப் பல் வரைக்கும் தெரிந்தது. சேனாதிபதிகூட மீசைக்குள் சிரித்தார்.

"விலையைச் சொல்!" என்றார் அரசர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"ஆயிரத்தொரு வராகன், மகாராஜா."

சிரிப்பு நின்றுபோனது. "என்ன? தினமும் ஒன்றுதானே?"

"இந்த விகடத்துக்காக ராத்திரி முழுக்க முயன்று ஆயிரம் விகடம் கட்டிப் பார்த்தேன், மகாராஜா. ஆயிரமும் வீண். ஒன்றுக்கும் சிரிப்பு வரவில்லை. அடுத்து வந்ததுதான் இது. தாங்கள் கொடுப்பது ஒரு விகடத்தின் விலை அல்ல, வீணாய்ப்போன அந்த ஆயிரத்தின் விலை. இப்படிக் கேட்பது நியாயமா இல்லையா என்று பண்டிதரே சொல்லட்டும்."

பண்டிதர் துள்ளி எழுந்தார். விகடகவியே தன் வாதத்தை ஒப்புக்கொண்டான் என்றால் பந்தயம் ஜெயித்த மாதிரிதானே! "நியாயம், நியாயம்! நூற்றுக்கு நூறு நியாயம்! தேடியவனுக்குத் தேடிய கூலியைக் கொடுத்தே தீர வேண்டும், அரசே!"

அரசர் முனகினார். ஆனாலும் கடைசியாகப் பேசியவர் பண்டிதர். பொற்கிழி வந்தது. செவந்திலிங்கம் அதைத் தரையில் வைத்துவிட்டு நேரே பண்டிதரின் முன்னால் போய்க் கையை நீட்டினான்.

"தாங்கள் ஆயிரத்தொன்று கொடுங்கள், சுவாமி."

"நானா? எதற்கு?"

"சிரித்தீர்களே. கடைவாய்ப் பல் தெரிந்தது. அதில் ஒன்று சொத்தை."

சபையில் ஒரே களேபரம். முன்வரிசைக்காரர்கள் பட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்கள். "நான் கொட்டாவிதான் விட்டேன்!" என்றார் ஒருவர். "என்னைப் பற்றிய விகடத்துக்கு நானே காசு கொடுப்பதா?" என்று சேனாதிபதி வாள்பிடியைத் தொட்டார்.

பண்டிதருக்கு முகம் சிவந்துவிட்டது. இவ்வளவு நேரம் பேசிய செந்தமிழ் எல்லாம் எங்கோ பறந்து போனது. "இதென்னய்யா அநியாயம்! வீணாப்போன ஆயிரத்துக்குத்தான் அரசர் கொடுத்துத் தீர்த்துட்டாரே! ஒரு தடவை கொடுத்தாச்சுன்னா முடிஞ்சு போச்சு. அதே ஆயிரத்துக்கு ஆளாளுக்கு எத்தனை தடவை கொடுக்கறது? அப்புறம் சிரிக்கிறவனெல்லாம் இந்த ஒரு விகடத்துக்குக் கொடுத்தாப் போதாதா? அதுதானே நியாயம்!"

சொல்லி முடித்த பிறகுதான் சபை அமைதியாகிவிட்டது அவருக்குத் தெரிந்தது. செவந்திலிங்கம் நீட்டிய கையை மடக்கிக் கும்பிட்டான்.

"அப்படியானால் தங்கள் பாட்டனாரும் இனி மலையை விட்டு இறங்கலாம், சுவாமி. மூன்று தலைமுறையாக ஊரே அவருக்குக் கூலி கொடுத்துக்கொண்டிருக்கிறது. கால் வலிக்காதா அவருக்கு?"

பண்டிதர் தடுமாறினார். "அது... மருந்து வேறு, சிரிப்பு வேறு."

"வேறுதான். சிரிக்காமல் இருந்துவிடலாம், சுவாமி. என் வீட்டில் அப்படித்தான் இருக்கிறோம். மூச்சு விடாமல் இருக்க முடியாது." இதைச் சொல்லும்போது அவன் குரல் உடைந்தது. விகடகவியின் குரல் உடைந்து சபை அன்றுவரை கேட்டதில்லை.

அரசர் எழுந்தார். "பண்டிதரே, இரண்டில் ஒன்று சொல்லும். ஆயிரம் வீண் வேருக்கு ஒவ்வொருவரும் கொடுக்க வேண்டும் என்றால், விகடகவிக்கு ஆயிரத்தொன்று எண்ணி வையும். ஒரு தடவை கொடுத்தால் போதும் என்றால், மூச்சமுதின் விலையைச் சொல்லும்."

பண்டிதர் பொற்கிழியைப் பார்த்தார், அரசரைப் பார்த்தார், சேனாதிபதியின் வாளைப் பார்த்தார். "ஒரு வராகன்" என்றார் மெல்ல. "அக்கரை விலை. இதுவே... நியாயம்."

"முழுச் சிமிழ்?" என்றான் செவந்திலிங்கம்.

"முழுச் சிமிழ்."

"அடிப்பக்கம்?"

"மெல்லிசு!" என்று கத்தினார் பண்டிதர்.

ஆனாலும் அவர் விடவில்லை. "புதிய வேரைத் தேட எவன் போவான், அரசே? அதையும் விகடகவியே சொல்லட்டும்."

"அது நல்ல கேள்வி, மகாராஜா" என்றான் செவந்திலிங்கம். "தேடுகிறவன் பட்டினி கிடக்கக் கூடாது. வீண் வேருக்கும் கூலி உண்டு. அதை நோயாளியின் மாட்டை விற்று வாங்க வேண்டாம், கஜானா ஒரே தடவை கொடுக்கட்டும். இந்தப் பொற்கிழி அதற்கு முதல் வரவாக இருக்கட்டும்." இதைக் கேட்டதும் பண்டிதர் முகத்தில் களை வந்துவிட்டது. தன் மருமகன் ஒருவன் மலை ஏறச் சும்மாதான் இருக்கிறான் என்று அங்கேயே சொல்லிவைத்தார்.

எல்லாம் முடிந்தது என்று செவந்திலிங்கம் திரும்பியபோது, அரசர் கூப்பிட்டார்.

"நில். வீணாய்ப்போன ஆயிரம் விகடங்களுக்கு நான் விலை கொடுத்திருக்கிறேன். அவை என் சொத்து. எங்கே, எடுத்து வை பார்க்கலாம்."

செவந்திலிங்கத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆயிரமாவது ஒன்றாவது! ராத்திரி முழுக்க அவன் பெண்டாட்டிக்கு விசிறிக்கொண்டல்லவா இருந்தான்!

"தினம் ஒன்றாகத் தருகிறேன், மகாராஜா. ஆனால் அவை சிரிப்பு வராத விகடங்கள். கேட்டுவிட்டுச் சிரிக்காமல் இருப்பது தங்கள் பொறுப்பு. சிரித்துவிட்டால் அது அந்த ஆயிரத்தில் சேராது, தனியாக ஒரு வராகன்."

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். மூச்சமுதை ஊருக்கெல்லாம் தண்டோராப் போட்டு ஒரு வராகனுக்கு விற்கச் சொன்னார்.

அந்த மாதம் ஆவுடை சிமிழைப் பாதியாக்கவில்லை. தறிக்காரர் தன் காசிலேயே ஒன்று வாங்கிவிட்டார். மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம் அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, செவந்திலிங்கம் பக்கத்தில் உட்கார்ந்து, மறுநாள் அரசருக்குச் சொல்ல வைத்திருந்த வீண் விகடம் ஒன்றை மெல்லச் சொல்லிப் பார்த்தான். சொல்லிவிட்டுப் பழக்க தோஷத்தில் விசிறியையும் கையில் எடுத்துக்கொண்டான்.

ஆவுடை சிரித்தாள். முதலில் கொஞ்சம், அப்புறம் கீரை சிதற, அப்புறம் கண்ணில் நீர் வர. இருமல் வரவில்லை. இழுப்பு வரவில்லை. செவந்திலிங்கம் விசிறியைக் கீழே போட்டுவிட்டு, சந்தோஷம் தாங்காமல் விசும்பி விசும்பி அழுதான்.

"ஐயே, இதுக்குப் போய் அழறீங்களே" என்றாள் அவள், இன்னும் சிரித்துக்கொண்டே. "ஆனா இந்த விகடம் படு மட்டம். ராஜா கண்டிப்பாச் சிரிக்க மாட்டாரு."