சத்தம் போட்ட ஓடை

ஓணாங்குடியில அண்ணன் தம்பி மூணு பேர். மூத்தவர் சடையாண்டி, அடுத்தவன் ஒச்சப்பன், கடைக்குட்டி மாயழகு. மூணு மண்டையையும் சேர்த்து உலுக்கினாலும் உருப்படியா ஒரு யோசனை உதிராது. ஆனா தங்களை விட்டா ஊருல விவரமான ஆளே இல்லைன்னு மூணு பேருக்கும் நெனப்பு.

சொத்துன்னு இருந்தது ஒரு தென்னந்தோப்பு. அதுதான் அந்த வீட்டுக்குச் சோறு. கொடைக்கானல் போய்ட்டு வந்த எவனோ, "மலையில டிரவுட் மீன் ஓடுற ஓடைக்கரையா வாங்கி ரூம் கட்டிப் போடு, பட்டணத்துக்காரன் தூண்டிலோட வந்து காசைக் கொட்டுவான்"னு கொளுத்திப் போட்டுட்டான். அவ்வளவுதான், பாதித் தோப்பை வித்தாச்சு. "மிச்சத்தையாவது விட்டு வைங்க, புள்ளைக சாப்பிடணும்"னு சடையாண்டி பொண்டாட்டி பேச்சியம்மா அழுதா. "விக்கவே மாட்டோம்"னு மூணு பேரும் அவ தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணினாங்க. அடிச்ச அடியில அவளுக்குத் தலைவலியே வந்துருச்சு.

மலையில நிலத்துக்காரர் பேரு பொன்னுரங்கம். ஓடைக்கு இந்தக் கரையும் அவருது, அந்தப் பக்கம் பள்ளத்துல கிடந்த புதர்க்காடும் அவருது. இந்தக் கரையைப் பத்திரம் பண்ணிக் குடுத்துட்டு ஒரு வார்த்தை சொன்னார்: "டிரவுட் ரொம்பக் கூச்சப்படும். சத்தம் கேட்டா ஓடிரும். மீன் போச்சுன்னா இந்த நிலம் அஞ்சு காசு பெறாது. சத்தம் மட்டும் வராமப் பாத்துக்கங்க."

நல்ல புத்திதான். ஆனா கேட்டது யாரு? இந்த மூணு பேராச்சே!

அன்னிக்கே செருப்பைக் கழட்டி வீசினாங்க. தும்மல் வந்தா எல்லைக்கல்லைத் தாண்டி ஓடிப்போய்த் தும்மிட்டு வந்தாங்க. ஒச்சப்பன் பாசியில வழுக்கி ஓடைக்குள்ள விழுந்தான். விழுந்தவன் கத்தணுமில்ல? வாயைப் பொத்திக்கிட்டே மெதந்து போனான். அண்ணனும் தம்பியும் கரையில நின்னு சத்தமில்லாமக் கையாட்டினாங்க. ரொம்ப நேரம் கழிச்சு நடுங்கிக்கிட்டே வந்தான்.

"நம்ம நிலம் தாண்டினதுக்கு அப்புறந்தாண்ணே காப்பாத்துங்கன்னு கத்தினேன்."

"நீதாண்டா பொறுப்பான புள்ள" அப்படின்னார் சடையாண்டி.

அப்புறம் மூணு பேரும் மூச்சை அடக்கிக்கிட்டு உக்காந்தாங்க. சலசலன்னு சத்தம்.

"எவன்டா அது?"

"ஓடைதாண்ணே."

"நம்ம காசுல வாங்கின ஓடை நம்ம மீனையே வெரட்டுதா? என்னா திமிரு!"

"ஓடையை ஏண்ணே திட்டுறீங்க? கல்லுதான் அதைச் சீண்டுது. கல்லு இல்லாத எடத்துல பாருங்க, பேசாமத்தான் போகுது" அப்படின்னான் மாயழகு.

ஆஹா, என்ன கண்டுபிடிப்பு! ஓடையில இருந்த கல்லையெல்லாம் பொறுக்கி, மேல ஓடை திரும்புற எடத்துல, இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமா அழகா அடுக்கினாங்க. கல்லோட கல்லு உரசிச் சத்தம் வந்துட்டா? இடுக்குல எல்லாம் களிமண்ணை வெச்சு அப்பினாங்க. இதுக்குப் பேரு அணைன்னு சொல்லிக்குடுக்க அங்க ஆளில்லை.

காலையில பார்த்தா ஒரு சத்தமும் இல்லை. அங்கங்க தேங்கின சேத்துல மீன் வாயைப் பொளந்துக்கிட்டுக் கிடந்துச்சு.

"பாத்தீங்களாண்ணே, கூச்சமே போயிருச்சு. தூக்கினாக்கூட ஓடல."

சாகப்போற மீனுக்கு என்னய்யா கூச்சம்? மூணு பேரும் பூரிச்சுப் போனாங்க. அப்புறம் மாயழகு குடிக்கத் தண்ணி மோக்கப் போய், வெறும் சொம்போட திரும்பி வந்தான்.

"அண்ணே, மத்ததெல்லாம் இருக்கு. தண்ணியத்தான் காணோம்."

தேடிப் போனா, ஓடை பொன்னுரங்கத்தோட புதர்க்காட்டுப் பள்ளத்துல ஜம்முன்னு ஓடுது. டிரவுட் துள்ளுது. பொன்னுரங்கம் அதை எட்டி எட்டிப் பார்த்துக்கிட்டு நிக்கிறார்.

"அய்யா, உங்க கொல்லையிலயும் மீன் ஓடுதே! இந்த நிலத்தையும் குடுப்பீங்களா?" அப்படின்னார் சடையாண்டி.

பொன்னுரங்கம் கல்லடுக்கைப் பார்த்தார், மூணு மூஞ்சியையும் பார்த்தார். மனுசன் சிரிக்கவே இல்லை.

"ஓடைக்கரை ஆச்சேப்பா, வெலை கூடும். பழைய நிலத்தைக் குடுத்துருங்க, கூடவே மிச்சத் தோப்பையும் குடுங்க."

"விக்க மாட்டோம்னு சத்தியம் பண்ணியிருக்கோமேண்ணே" அப்படின்னான் ஒச்சப்பன்.

"நாம எங்கடா விக்கிறோம்? மாத்துறோம்" அப்படின்னார் சடையாண்டி.

விசயம் கேட்டுப் பேச்சியம்மா போன்ல, "அடப்பாவிகளா, புள்ளைக வாயில மண்ணைப் போட்டீங்களே!"ன்னு கதறினா. "மெதுவாப் பேசு, மீன் ஓடிரும்"னு சடையாண்டி போனை அமத்திட்டார்.

பத்திரம் முடிஞ்சு புதுக்கரையில உக்காந்தாங்க. சலசலன்னு சத்தம்.

"டேய், இங்கயும் கல்லுடா! பொறுக்குங்க. பொறுக்கி இந்தப் பள்ளத்து வாயில அடுக்குங்க. பழைய அடுக்கையும் பிரிச்சுக் கொண்டாங்க, நம்ம கல்லு எதுக்கு அடுத்தவர் நிலத்துல கிடக்கணும்?"

பிரிக்கப் போனா, அங்க காஞ்ச ஓடைக்கு நடுவுல பொன்னுரங்கம் பாய் விரிச்சு, தூண்டிலோட உக்காந்திருக்கார். சடையாண்டிக்கு மனசு கேக்கல. விரலை உதட்டுல வெச்சுக்கிட்டுக் கிட்டப் போய்க் குசுகுசுன்னு சொன்னார்:

"அய்யா, கொஞ்சம் கரையேறி உக்காருங்க. இந்தக் கல்லை எடுத்ததும் ஓடை முழுக்க உங்க பக்கம் வந்துரும். பாவம், இனி அந்தச் சத்தத்தை நீங்கதான் பொறுத்துக்கணும்."